பள்ளிப் பிள்ளைகளின் உண்டியலும் பெரியவர்களின் இதயமும்

கயிறு தாண்டுவதற்குப் பெரிய செலவு கிடையாது. நல்ல கயிறு ஒன்று, மேடுபள்ளமில்லாத தரை, மூச்சு வாங்கினால் சற்று உட்கார ஒரு மரநிழல், இவை போதும். வேங்கிக்கால் சுற்றுவட்டாரத்தில் இவை மூன்றும் இல்லாத பள்ளி அநேகமாக இராது.

இந்த எளிய விளையாட்டைக் கொண்டே இதய நோய்க்கு எதிரான பணிக்கு நிதி திரட்டலாம் என்று செய்து காட்டியவர் ஓர் உடற்கல்வி ஆசிரியை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பணியாற்றிய ஜீன் பார்கோ, 1978-ஆம் ஆண்டு தம் மாணவர்களைக் கயிறு தாண்டச் செய்து, அதன்வழித் திரண்ட நன்கொடையை அமெரிக்க இதயச் சங்கத்துக்கு அளித்தார். முறை மிக எளிது. நிகழ்ச்சிக்குச் சில நாட்கள் முன்னரே பிள்ளைகள் தம் உற்றார் உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் சென்று, "நான் இதயத்துக்காகக் கயிறு தாண்டப் போகிறேன், நீங்கள் என்ன தருவீர்கள்?" என்று கேட்பர். குறித்த நாளில் குழுக்களாகப் பிரிந்து ஒருவர் மாற்றி ஒருவர் தாண்டுவர். ஒருவர் களைத்தால் அடுத்தவர் வருவார். கயிறு மட்டும் நிற்காது. இம்முறை விரைவில் அந்நாடு முழுவதும் பரவிற்று. 1982-இல் கனடாவிலும் 1983-இல் ஆஸ்திரேலியாவிலும் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 2018-இல் 'கிட்ஸ் ஹார்ட் சாலஞ்ச்' என்று அதன் பெயர் மாறியது, கயிறு மாறவில்லை. டொராண்டோவில் உறவினர் உள்ள நம் வாசகர் சிலருக்கு, அங்குள்ள பேரப்பிள்ளைகளிடமிருந்து இத்தகைய நன்கொடை வேண்டுகோள் எப்போதேனும் கைப்பேசியில் வந்திருக்கவும் கூடும்.

இதில் எங்களைக் கவர்ந்தது பணத்தின் அளவன்று. நிதி திரட்டும் செயலே உடலுக்குப் பயிற்சியாகவும் அமைந்துவிடுகிறது. இனிப்புப் பெட்டிகளை விற்று இதய நோய்க்கு நிதி சேர்ப்பதாகச் சொல்வோரையும் உலகம் கண்டிருக்கிறது. அதனோடு ஒப்பிட்டால் இந்த ஆசிரியையின் யோசனை எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

நம் பிள்ளைகளுக்கும் நிதி திரட்டல் புதிதன்று. டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாள் உண்டியலைக் கையிலேந்தாத தலைமுறை நம்மிடையே இல்லை. சற்று மூத்தவர்களுக்குக் காசநோய் முத்திரை நினைவிருக்கும். அஞ்சல் தலை போன்றே இருக்கும். ஆனால் கடிதம் அனுப்ப உதவாது. காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2-ஆம் நாள் அதன் விற்பனை தொடங்கும். வகுப்பாசிரியர் தாளைக் கிழித்துக் கிழித்துத் தருவார். அதை நோட்டுப் புத்தக அட்டையில் ஒட்டிக்கொள்வோம். கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது, 2021-இல், மிதிவண்டி வாங்கச் சேர்த்த உண்டியலை முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு அளித்த சிறுவனைப் பற்றிய செய்தியை நாளிதழ்களில் படித்தோம். கொடுக்கும் மனம் நம் பிள்ளைகளிடம் குறைவின்றி இருக்கிறது. எனினும் இதயத்துக்காகவும் பக்கவாதத்துக்காகவும் பள்ளிகள் ஒன்றுகூடும் வழக்கம் இன்னும் இங்கு வேரூன்றவில்லை.

வேரூன்றினால் அந்தப் பணம் எதற்குப் பயன்படும்? இக்கேள்விக்கு மேலைநாட்டு விடையை அப்படியே இங்குப் பொருத்த இயலாது. அங்குப் பெரும்பகுதி ஆராய்ச்சிக்கும் விழிப்புணர்வுப் பணிக்கும் செல்கிறது. சிறுகாசுகள் ஆராய்ச்சியை எவ்வளவு தூரம் நகர்த்தும் என்பதற்கு இளம்பிள்ளைவாதமே சான்று. 1938-இல் அமெரிக்க மக்கள் பத்து சென்ட் நாணயங்களாக அனுப்பத் தொடங்கிய நிதிதான் 1955-இல் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசியாகப் பலன் தந்தது. நம் ஊர்ப் பள்ளி ஒன்று திரட்டக்கூடிய சில ஆயிரம் ரூபாய்க்கு அத்தகைய பெருங்கனவு தேவையில்லை. அதைவிட அருகிலேயே வேலை காத்திருக்கிறது.

அறுவை சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை, தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை துணை நிற்கிறது. அட்டை இல்லாதோர் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு, வேங்கிக்காலிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பதிவு மையத்தை அணுகலாம். நோய் வந்த பிறகு அலைவதைவிட நலமாக இருக்கும்போதே பதிந்துகொள்வது நன்று. ஆனால் காப்பீடு எட்டாத செலவுகளும் உண்டு. நோயாளியுடன் இருப்பவரின் சாப்பாடு, செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் மாதந்தோறும் வந்துபோகும் பேருந்துக் கட்டணம், அந்த நாளில் இழக்கும் கூலி ஆகியவை எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. மருந்தை நிறுத்திவிட்டு மீண்டும் நெஞ்சு வலியோடு வருபவரிடம் காரணம் கேட்டால், மருந்தின் விலையைக் காட்டிலும் இவற்றையே மிகுதியாகச் சொல்கின்றனர்.

ஒரு நோயை மட்டும் எடுத்துச் சொல்கிறோம். அது பள்ளிப் பிள்ளைகளின் நோய் என்பதால். ஐந்து முதல் பதினைந்து வயதுவரை உள்ள சிறாருக்கு ஒருவகைக் கிருமியால் தொண்டை வலி வருகிறது. பெற்றோர் உப்புநீர் கொப்பளிக்கச் சொல்கின்றனர். நான்கு நாளில் வலி போய்விடுகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தலைகாட்டுகின்றன. இன்று முழங்கால், நாளை கணுக்கால், மறுநாள் முழங்கை என்று வலி இடம் மாறும். அதுவும் அடங்கிவிடும். ஆனால் அந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வுகளைத் தழும்பாக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஒருமுறை வந்த பிள்ளைக்கு மீண்டும் வராமலிருக்க, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடவேண்டும். பல ஆண்டுகள், சிலருக்கு நாற்பது வயது வரையிலும். ஊசியின் விலை சிறிது. ஒவ்வொரு முறையும் தாய் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையை அழைத்து வருவதுதான் பெரிது. ஒரு பள்ளி தன் மாணவர் ஒருவரின் ஓராண்டு ஊசிப் பயணத்தை ஏற்றுக்கொண்டால், அங்கே திரண்ட பணம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்க வேண்டியிராது. அந்த மாணவரின் பெயரை மேடையில் சொல்லாமலே இதைச் செய்யவும் முடியும்; சொல்லாமல் செய்வதே முறை.

பணத்தைப் பற்றி இவ்வளவு போதும். பணத்தினும் மேலான ஒன்றைப் பிள்ளைகளால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியும் என்பதற்கு நியூயார்க்கிலிருந்து ஒரு சான்று உண்டு.

அந்நகரின் ஹார்லெம் பகுதியில் பக்கவாத நோயாளிகள் காலம் கடந்தே மருத்துவமனைக்கு வருவதைக் கண்டு வருந்திய நரம்பியல் மருத்துவர் ஒலாஜிடே வில்லியம்ஸ், பெரியவர்களுக்கு அறிவுரை கூறுவதை விட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சென்றார். அவர்கள் விரும்பும் ஹிப் ஹாப் இசையிலும் கேலிச்சித்திரப் படங்களிலும் பக்கவாதத்தின் அறிகுறிகளைக் கற்பித்தார். கற்றதை வீட்டாருக்குச் சொல்லவேண்டும் என்பதும் பாடத்தின் பகுதியே. 22 பள்ளிகளில், நான்காம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை பயிலும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோரையும் கொண்டு இதைச் சோதித்துப் பார்த்தனர். முடிவுகள் 2018-இல் வெளியாயின. பிள்ளைகளின் அறிவு வளர்ந்தது. அவர்கள் வழியாகப் பெற்றோரின் அறிவும் வளர்ந்தது. இவை எதிர்பார்த்தவைதாம். அந்த அறிக்கையில் எங்கள் கண்ணில் நின்றது வேறொரு செய்தி. அக்காலத்தில் நான்கு பிள்ளைகள், உண்மையாகவே நேர்ந்த பக்கவாத அறிகுறிகளைக் கண்டுகொண்டு அவசர ஊர்தியை அழைத்தனர். அவர்களுள் ஒரு பிள்ளை, "சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்" என்ற பெற்றோரின் சொல்லையும் மீறி அழைத்தது.

'சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்' என்பது ஹார்லெமுக்கு மட்டும் உரிய சொல்லன்று. நம் வீடுகளிலும் நெஞ்சில் பாரம் ஏறினால் முதலில் சோடா வாங்கிவரச் சொல்கிறோம். வாயுத் தொல்லை என்று நமக்கு நாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறோம். வாய் கோணினால் குளிர்காற்றுப் பட்டது என்கிறோம். புறாவின் இரத்தத்தைத் தடவினால் விழுந்த கை எழும் என்று நம்புவோர் இன்றும் உள்ளனர். இரவில் எதற்கு அலைச்சல், விடியட்டும் என்று காத்திருப்பது இன்னும் பரவலானது. அன்பினால்தான் இவற்றையெல்லாம் செய்கிறோம். குறைகூற எங்களுக்கு மனமில்லை. ஆயினும் மூளைக்கு இரத்தம் தடைப்பட்ட ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்குள்ளேயே மருத்துவமனை வந்து சேர்வதும் தலையை ஸ்கேன் எடுப்பதும் அடங்கும். விடியும்வரை காத்திருப்பவருக்கு அந்த வாயில் பெரும்பாலும் மூடிவிடுகிறது.

பத்து வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிக் கற்பிப்பது? முகம், கை, பேச்சு, நேரம் என்னும் நான்கு சொற்கள் போதும். தாத்தாவைச் சிரிக்கச் சொல். வாய் ஒருபுறம் இழுக்கிறதா? இரு கைகளையும் தூக்கச் சொல், ஒன்று தாழ்கிறதா? உன் பெயரைச் சொல்லச் சொல், குழறுகிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் மணி எத்தனை என்று பார்த்துக்கொண்டு 108-ஐ அழை. கடைசியாக அவர் நலமாக இருந்தது எப்போது என்பதை மருத்துவர் கட்டாயம் கேட்பார். அதற்கு விடை சொல்லக்கூடியவர் பல வீடுகளில் அந்தப் பிள்ளை மட்டுமே. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தாத்தா பாட்டியுடன் இருப்பது பிள்ளைகள்தாமே. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பக்கவாதம் என்று தோன்றினால் தண்ணீரோ மாத்திரையோ எதையும் வாயில் கொடுக்கலாகாது. விழுங்கும் ஆற்றல் போயிருந்தால் புரையேறும். இரத்தக்குழாய் வெடித்ததால் வந்த பக்கவாதமாக இருப்பின் ஆஸ்பிரின் கேடு செய்யும். எவ்வகை என்பதை ஸ்கேன்தான் சொல்லும்.

நெஞ்சு வலியின் வழி வேறு. நடுநெஞ்சில் அழுத்தம், இடத்தோளுக்கும் தாடைக்கும் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை கண்டால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கேனும் உடனே போய்விட வேண்டும். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு என்று ஐயுறும் நோயாளிக்கு அங்கேயே முதல்வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி தெளிவாகத் தெரியாமல், மூச்சுத்திணறலாகவும் அளவுகடந்த சோர்வாகவும் மட்டுமே வருவதுண்டு.

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு பார்க்கையில், மில்வாக்கி ஆசிரியையின் முறையை நம் ஊருக்கேற்பச் சிறிது திருத்தலாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பிள்ளை பெரியவர்களிடம் போய்ப் பத்து ரூபாய் கேட்பதற்குப் பதிலாகவோ, அதனுடன் சேர்த்தோ, "நான் ஐம்பது முறை கயிறு தாண்டுகிறேன், நீங்கள் ஒருமுறை இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்கட்டும். பார்த்த அளவைத் துண்டுச்சீட்டில் எழுதி உண்டியலில் போடட்டும், பெயர் வேண்டா. உயர் இரத்த அழுத்தமே பக்கவாதத்தின் தலையாய காரணம். அது வலிக்காது, தலைசுற்றல்கூட இல்லாமல் பல ஆண்டுகள் உடலில் தங்கியிருக்கும். அளந்தாலன்றித் தெரியாது. 140-க்கு 90 என்னும் அளவையோ அதற்கு மேலோ வந்தால், மற்றொரு நாளும் அளந்து உறுதிசெய்துகொண்டு மருத்துவரைக் காணவேண்டும். அளப்பதற்கு மருத்துவமனை வரவேண்டும் என்பதுமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கின்றனர். பத்து ரூபாய் தரத் தயங்கும் பாட்டிகூடப் பேத்தியின் சொல்லுக்காகக் கையை நீட்டுவார்.

சில எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடுவது முறையன்று. மேலைநாட்டுத் திட்டங்களில் அதிக நன்கொடை கொண்டுவரும் பிள்ளைக்குப் பொம்மையும் பரிசும் தருவதுண்டு. இதை நாங்கள் விரும்பவில்லை. கல் உடைக்கும் தொழிலாளியின் மகளும் கடை முதலாளியின் மகனும் ஒரே வகுப்பில் இருக்கும்போது, யார் எவ்வளவு கொண்டுவந்தார் என்று கரும்பலகையில் எழுதுவது கொடுமை. மூடிய உண்டியல் ஒன்று போதும்; போடாதவர் யாரென்று தெரியவே வேண்டா. அறிமுகமற்ற வீடுகளுக்கும் கடைத்தெருவுக்கும் பிள்ளைகளை அனுப்பலாகாது. திரண்ட தொகையையும் செலவையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும்.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் நினைத்துக்கொள்ள வேண்டும். இதயத்தில் ஓட்டை இருந்து அறுவை செய்துகொண்ட பிள்ளை. வால்வுக் கோளாறுடன் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை. இந்தச் செய்தி மடலைப் படிக்கும் பெற்றோர் பலரின் வீட்டில் அத்தகைய பிள்ளை உண்டு. இதயத்துக்காக ஊரே கயிறு தாண்டும் நாளில் அந்தப் பிள்ளையை ஓரமாக உட்கார வைத்தால் அது எப்படியிருக்கும்? உட்காரவைக்கத் தேவையும் இல்லை. ஓட்டை அடைக்கப்பட்டு நன்கு தேறிய பிள்ளைகளுள் பலர் மற்றவர்களைப் போலவே ஓடி ஆடலாம். வேறு சிலருக்கு எல்லை உண்டு. எது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதை மறுபரிசோதனைக்கு வரும் நாளில் மருத்துவரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கி உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் ஆசிரியர் அஞ்சி, எல்லாவற்றுக்கும் வேண்டா என்றே சொல்வார்; அவரைக் குறை சொல்வதற்கில்லை. தாண்டக்கூடாது என்று மருத்துவர் சொன்ன பிள்ளைக்கும் வேலை இருக்கிறது. நீளக் கயிற்றைச் சுழற்ற இரு முனையிலும் இருவர் வேண்டும். எண்ணிக்கை சொல்ல ஒருவர் வேண்டும். உண்டியலைக் காக்க நம்பகமான ஒருவர் வேண்டும். விளையாடும்போது மயங்கி விழும் பிள்ளையையும், சற்று ஓடினாலே உதடு நீலம் பாரிக்கும் பிள்ளையையும் மட்டும் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். 2013-இல் தொடங்கிய அத்திட்டத்தில் பிறவி இதயக் கோளாறுகளைக் கண்டறிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகின்றனர்.

உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்குக் கயிற்றோடு இன்னொன்றும் கற்பிக்கலாம். துடிப்பு நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவியைப் பன்னிரண்டு வயது முதல் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் பள்ளியில் பயிற்றலாம் என்னும் பரிந்துரைக்கு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் இசைவளித்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம். நன்கு பழகிய பிள்ளை கயிறு தாண்டும் வேகமும் ஏறக்குறைய அதுவே என்பதைக் கவனித்தால், தாளம் தானே கைவரும்.

கயிறேதான் வேண்டும் என்பதுமில்லை. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பெரியவர்கள் நடப்பதைக் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு நடை புதிதா என்ன? பள்ளி மைதானத்தைச் சுற்றி நடந்தாலும் கணக்குத்தான். சாலையில் நடத்துவதை மட்டும் தவிர்க்கலாம். வேலூர் சாலையின் வாகனப் போக்கு நாம் அறிந்ததே.

இனி, நாள் குறிப்பதுதான் கடினம். உலக இதய நாள் செப்டம்பர் 29. பெரும்பாலும் காலாண்டுத் தேர்வை ஒட்டிய விடுமுறையில் வந்துவிடுகிறது. உலக பக்கவாத நாள் அக்டோபர் 29. அது தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் சூழ்ந்த நேரம், மைதானத்தில் தண்ணீர் நிற்கும். கார்த்திகை தீபத்தின்போது திருவண்ணாமலையில் வேறு எதையும் நடத்த முடியாது. பிறகு அரையாண்டுத் தேர்வு. ஆகவே பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தை எண்ணிப் பார்க்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தரை காய்ந்திருக்கும், காலை வெயில் கடுமையாக இராது, பண்டிகைக்கு ஊருக்கு வந்த தாத்தா பாட்டிகளுள் சிலராவது இன்னும் திரும்பிப் போயிருக்க மாட்டார்கள்.